அனந்துவின் இருபத்து நான்கு வரிகள்

செய்தி ஒரு புகைப்படமாக வந்தது. வடாலா ஸ்டேஷனுக்கு வெளியே கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். படத்தை அனுப்பியிருந்தவர் என் பழைய அலுவலக நண்பர் அனந்தராமனின், எங்களுக்கு அனந்துவின், மகன் கார்த்திக். கறுப்புத் திரை, அதில் பச்சை எழுத்துகள், திரைக்குக் குறுக்கே தடித்த கறுப்புப் பட்டை ஒன்று. எழுத்து ஆங்கிலம், மொழி தமிழ். “அவுக காலைல போயிட்டாக. யாரும் ஓடி வர வேண்டாம். மெதுவா வாங்க.”

படத்துக்குக் கீழே கார்த்திக் எதுவும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. அந்தத் திரையையும் அந்தப் பேச்சையும் அறிந்தவர்களுக்குத்தான் அனுப்பியிருந்தார். மேத்திக் கீரையும் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டும் என்றேன். வீட்டுக்குத் திரும்பி இரண்டு கட்டையும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, மறுபடி ஸ்டேஷனுக்கு வந்து செம்பூருக்கு வண்டி ஏறினேன். வழியெல்லாம் அந்தக் கறுப்புப் பட்டையைப் பற்றித்தான் யோசித்தேன். வேறு எதுவும் மனதில் வரவில்லை.

அந்தப் பட்டை ஏன் விழுகிறது என்பதை அனந்து எங்கள் அலுவலகப் புகைப்படக்காரருக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறார். புதிதாக வந்த கணினித் திரைகளைப் படமெடுக்கச் சொல்லியிருந்தார்கள். எடுத்த படத்திலெல்லாம் பாதித் திரை இருட்டு. திரை கெட்டுவிட்டதாகப் புகைப்படக்காரர் புகார் சொன்னார். அனந்து வந்து கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்து, ஷட்டர் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். “அந்தத் திரைல படம் ஒரே சமயத்துல முழுசா இருக்கறதே இல்லை. மேலேர்ந்து கீழ வரைஞ்சிண்டே இருக்கு. முழுசா இருக்குன்னு நினைச்சிண்டிருக்கறது உம்ம கண்ணு. கேமரா அப்படி நினைக்காது.”

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலர் அவரை மாட்டுங்காவில் பார்த்திருப்பீர்கள். மார்க்கெட் பக்கம் கைப்பையோடு நடந்துபோகும், ஒல்லியான, சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் வைத்திருக்கும் மனிதர். கோட்டைப் பகுதியில் இருந்த ஓர் ஆங்கில நாளிதழில் நான் செய்தியாளராக இருந்தபோது அங்கே கணினிப் பராமரிப்பு அவர் பொறுப்பு. பாலக்காட்டுக் குடும்பம், ஆனால் அவருடைய அப்பாவே பம்பாயில் பிறந்தவர். நான் தாராவியில் பிறந்த திருநெல்வேலிக்காரன். எங்கள் இருவருக்கும் ஊர் என்றால் இந்த ஊர்தான்.

எண்பதுகளின் பிற்பகுதியில் செய்தி அறைக்குத் தட்டச்சு இயந்திரங்கள் போய் டெர்மினல்கள் வந்தன. இன்றைய இளைஞர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டும். பார்த்தால் கணினி போலவே இருக்கும்: பன்னிரண்டு அங்குலப் படக்குழாய், ஒரு விசைப்பலகை, இரண்டையும் இணைக்கும் சுருள் வயர். ஆனால் அது கணினி அல்ல. கணினி வேறோர் அறையில், குளிரூட்டியின் கீழ், பீரோ அளவில் நிற்கும். ஒரு கம்பி வழியாக அது அனுப்பும் எழுத்தை டெர்மினல் காட்டும், நாம் தட்டும் எழுத்தை அதற்கு அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. குறுக்கே எண்பது எழுத்து, மேலிருந்து கீழே இருபத்து நான்கு வரி. இருபத்தைந்தாவது வரி வந்தால் முதல் வரி மேலே போய்விடும்.

முதல் வாரமே நான் எழுதிக்கொண்டிருந்த செய்தியின் தொடக்கம் அப்படி மேலே போய்விட்டது. பதறிப்போய் அவரைக் கூப்பிட்டேன். என் செய்தியைத் திரை தின்றுவிட்டது என்று சொன்னதாக ஞாபகம். அவர் நிதானமாக வந்து, என்னை எழுந்திருக்கச் சொல்லாமல், என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு விசையைத் தட்டினார். தொடக்க வரிகள் வந்தன. “இது ஜன்னல், ஓய். ரூம் பின்னாடி இருக்கு. ஜன்னல்ல தெரியலைன்னா ரூம்ல இல்லைன்னு அர்த்தமா?” என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு ஓய்தான். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிய டெர்மினல் எது வந்தாலும் கூடவே வரும் தொழில்நுட்ப விவரத் தாளை முழுவதும் படிப்பார். பிறகு அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, டெர்மினலை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். எழுத்து எவ்வளவு நேரத்தில் கூர்மையாகிறது, மூலையில் வளைகிறதா, மின்சாரம் இறங்கினால் படம் சுருங்குகிறதா என்று பார்ப்பார். ஏன் இந்தச் சிரமம், எல்லாம் தாளில் இருக்கிறதே என்று மேலாளர் கேட்டிருக்கிறார். “தாள்ல இருக்கறது அது பொறந்தப்போ இருந்தது, சார். இங்க வந்து என்ன ஆயிருக்குன்னு அதுகிட்டதான் கேக்கணும்.” மேலாளர் தலையில் அடித்துக்கொண்டு போவார்.

அவர் திருமணமும் ஒரு டெர்மினலால்தான் நடந்தது. இதை அவர் வாயாலும் அவர் மனைவி வாயாலும் தனித்தனியே கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாது. எங்கள் பத்திரிகைக்கு வருவதற்கு முன் அவர் ஒரு சர்வீஸ் கம்பெனியில் இருந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகம். அங்கே தரவு உள்ளீட்டு வேலையில் இருந்த செல்வக்கனியின் திரை மட்டும் நடுங்குகிறது என்று புகார். இரண்டு முறை வந்து உள்ளே இருந்த சர்க்யூட் பலகைகளை மாற்றினார். நடுக்கம் நிற்கவில்லை. மூன்றாவது முறை எதையும் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எப்போதாவது நடுங்கியது, எப்போதாவது நின்றது. கடைசியில் எழுந்து போய்ச் சுவரில் காதை வைத்துக் கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் மோட்டார். அதன் காந்தப் புலம் படக்குழாயை ஆட்டியிருக்கிறது. மேசையை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினார். வேலை முடிந்தது.

கனியக்காவின் கணக்கு வேறு. முதல் முறை வந்தபோதே லிஃப்ட் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், வேண்டுமென்றே மூன்று முறை வந்தார் என்பது அக்காவின் வாதம். “மூணாவது தடவை வந்து ஒரு ஸ்க்ரூவக்கூட கழட்டல தம்பி. மோட்டாரு சத்தம் செவிடனுக்குக்கூட கேக்கும். இவுகளுக்குக் கேக்கலயாம்.” அனந்து மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. அக்கா தாராவியில் எங்களுக்கு இரண்டு சந்து தள்ளி இருந்தவர். அந்தத் திருமணத்துக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு எதிர்ப்பு இருந்தது என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. இரண்டு பக்கமும் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை.

செய்தி அறையில் டெர்மினல்கள் போய் எல்லோருக்கும் தனிக் கணினி வந்தபோது பழையவற்றைக் கழிவாக எடைக்குப் போட்டார்கள். அனந்து அதில் மூன்றை வாங்கி டாக்ஸியில் செம்பூர் வீட்டுக்குக் கொண்டுபோனார். நாங்கள் கேலி செய்தோம். மியூசியம் வைக்கப் போகிறீர்களா என்று நானே கேட்டேன். “எனக்கு அதுமேல ஒரு பாசமும் இல்லை ஓய். ஓடற சாமானை உடைக்கறதைப் பாக்கப் பிடிக்கலை. அவ்வளவுதான்.” மூன்றும் பல வருடம் பரண் மேல் துணி போர்த்திக் கிடந்தன. கனியக்கா அவற்றை “உங்க மூணு பொண்டாட்டி” என்பார்.

பிறகு அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சையில் குரல்வளையை எடுத்தார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. மருந்துகளால் விரல் நுனிகளில் உணர்ச்சியும் போனது. பேனா நழுவியது. தொடுதிரையில் விரல் எங்கே படுகிறது என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு எழுத்தைத் தொட்டால் வேறொன்று வரும். கார்த்திக் பூனாவிலிருந்து லேப்டாப் வாங்கி வந்தார். அதன் வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது, தட்டையான விசைகள் அழுந்தியதா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. வாய் ஓயாத மனுஷி சில மாதம் கையைக் காட்டிக்கொண்டும், கரண்டியைத் தட்டிக்கொண்டும் இருந்தார். நான் அப்போது போய்ப் பார்த்துவிட்டு அதிக நேரம் இருக்காமல் வந்துவிடுவேன்.

ஒருநாள் போனபோது கூடத்தில் சாப்பாட்டு மேசை மேல் டெர்மினல் நின்றது. பின்னால் கணினி எதுவும் இல்லை. அந்த டெர்மினல்களில் லோக்கல் என்று ஒரு நிலை உண்டு. அதில் வைத்தால் தட்டும் எழுத்து கம்பி வழியே எங்கும் போகாது, நேராகத் திரைக்கு வரும். சர்வீஸ்காரர்கள் சோதித்துப் பார்க்க வைத்த வசதி. விசைப்பலகையில் அதற்கென்று ஒரு சிறு சிவப்பு விளக்கு எரியும். விசைகள் ஆழமாக இறங்குபவை, இறங்கும்போது டிக் என்று ஒரு சத்தம் வரும். விரலுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரியும். இருபது வருடம் அந்த மாதிரி விசைப்பலகையில் வேலை பார்த்தவர் அக்கா. குனிந்து பார்க்காமல் தட்டினார். திரையில் வந்த முதல் வாக்கியத்தை நான் படித்தேன். “வாங்க தம்பி. இன்னிக்கும் குடையைத் தொலைச்சாச்சா?”

குடைகளைத் தொலைப்பதில் எனக்குப் பெயர் உண்டு. வெளியே மழை. நான் நனைந்துதான் போயிருந்தேன்.

அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சு திரும்பியது. அனந்து சமையல் கற்றுக்கொண்டிருந்தார். அதற்கான விமர்சனம் திரையில் பச்சையாக வரும். “ரசம்னு சொல்லி வெந்நி குடுக்காக.” அனந்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, “வெந்நிக்கு உப்பு போட்டிருக்கேனே, அது தெரியலையா?” என்பார். அவரைக் கூப்பிட அக்கா இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்துவார். டெர்மினல் பீப் என்று மணியடிக்கும். செய்தி ஏஜென்சிகளின் டெலிபிரிண்டர் காலத்தில் அவசரச் செய்திக்கு இயந்திரம் மணியடித்துக் கேட்டவன் நான். இங்கே காபி ஆறிவிட்டது என்பதற்கு அடித்தது.

அந்த வீட்டுக்கென்று ஒரு சட்டம் உருவாகியிருந்தது. திரையில் இருப்பதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். இருபத்து நான்கு வரி தாண்டி மேலே போனதைக் கிளறக் கூடாது. பின்னால் கணினி இல்லாததால் மேலே போன வரி எங்கும் இல்லை, எந்த விசையைத் தட்டினாலும் திரும்பாது. அனந்து இந்தச் சட்டத்தைத் தன் வசதிக்குப் பயன்படுத்துவார். சண்டை வந்தால் மெதுவாகப் படிப்பார், கண்ணாடியைத் துடைப்பார். அதற்குள் அக்கா ஆத்திரத்தில் மேலும் தட்ட, முதலில் கேட்ட கேள்வி மேலே போய்விடும். “மேல போனதுக்கு நான் ஜவாப்தாரி இல்லை” என்பார். அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரே ஒரு வரியில் திட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். அடுத்து யாராவது தட்டும்வரை அது அப்படியே நிற்கும். அக்காவைத் தவிர யாரும் தட்டக் கூடாது என்பதும் சட்டம். ஒரே எழுத்து பல மணி நேரம் நின்றால் திரையின் உட்புறம் ஒளிரும் பாஸ்பர் பூச்சில் தடம் விழுந்துவிடும். பிறகு திரையை அணைத்தாலும் அது மங்கலாகத் தெரியும். அனந்து பிரகாசத்தைக் குறைத்துவிட்டுக் கெஞ்சுவார். “திட்டு பதிஞ்சுடும் கனி. வர்றவாளுக்கெல்லாம் தெரியும்.”

வரி மேலே போகும்போது துள்ளிப் போகாமல் வழுக்கிப் போகும்படியும் அவர் அமைத்திருந்தார். அந்த வசதி அந்த மாடலில் உண்டு. ஏன் என்று கேட்டேன். கடைசியாக ஒருமுறை படித்துக்கொள்ள நேரம் கிடைக்குமே என்றார்.

அவர் செய்த ஒரு தவறைப் பற்றியும் எழுத வேண்டும். அவரை அறிந்தவர்கள் அதையும் அறிய வேண்டும் என்று நினைக்கிறேன். அவரே என்னிடம் சொன்னது. சொன்னபோது அக்காவும் இருந்தார்.

அக்காவின் பேச்சு மேலே போய் இல்லாமல் போவது அவருக்குப் பொறுக்கவில்லை. வெளியே சட்டம் பேசினாலும் உள்ளுக்குள் அது அவரை அரித்திருக்கிறது. நோய் திரும்பி வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒருநாள் அக்கா தூங்கும்போது, டெர்மினலுக்குப் பின்னால் ஒரு கேபிளைச் செருகி, அலமாரிக்குள் இருந்த சிறு கணினியோடு சேர்த்துவிட்டார். தட்டுவது கணினிக்குப் போகும், கணினி அதைத் திரைக்குத் திருப்பி அனுப்பும், ஒரு நகலை வைத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு வித்தியாசமே இருக்காது. கொஞ்ச நாள் அப்படி ஓடியது. கணினியில் பக்கம் பக்கமாகச் சேர்ந்தது. ரசத்தைப் பற்றிய திட்டு, கார்த்திக்கைப் பற்றிய கவலை, தூக்கம் வராதபோது தனியாக உட்கார்ந்து தட்டிக்கொண்டது எல்லாம்.

ஒரு காலையில் அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டு விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். லோக்கல் விளக்கு எரியவில்லை. பக்கத்து விளக்கு எரிந்தது. கம்பியில் யாரோ இருக்கிறார்கள் என்பதற்கான விளக்கு. அனந்து எல்லாவற்றையும் யோசித்தவர், விளக்கை யோசிக்கவில்லை. நிமிடத்துக்கு எத்தனை விசை தட்டினாள் என்று கம்பியின் மறுமுனையில் எண்ணிய அலுவலகத்தில் இருந்தவர் அக்கா. குனிந்து பார்க்காமலே தட்டுபவர் அன்றுதான் குனிந்திருக்கிறார், அந்த விளக்குக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். திரையில் இரண்டே வார்த்தை தட்டினார். “யாரு கேக்கா?”

அனந்து டெர்மினலுக்குப் பின்னால் போனார். கேபிளைப் பிடுங்கினார். அலமாரிக் கணினியில் சேர்ந்ததையெல்லாம் அக்காவை உட்காரவைத்து அவர் கண் முன்னாலேயே அழித்தார். அக்கா அந்தக் கேபிளைக் கேட்டு வாங்கிப் புடவை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதன்பிறகு ஒரு வாரம் டெர்மினலைத் தொடவில்லை. குரல் போன மாதங்களைவிட அந்த வாரம் மோசம் என்றார் அனந்து. பிறகு ஒருநாள் அடுப்படியில் இருந்தபோது பீப் என்று மணி கேட்டது. போய்ப் பார்த்தார். விளக்கு லோக்கலில் இருந்தது. “பேசுனா போயிரணும். அதுக்குப் பேருதான் பேச்சு.”

அவர் இதை என்னிடம் சொல்லி முடித்தார். அக்கா அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

கடந்த வருடம் திரையில் படம் சுருங்கத் தொடங்கியது. நாலு பக்கமும் கறுப்பு ஓரம் அகலமாகிக்கொண்டு வந்தது. பரணில் இருந்த இரண்டிலிருந்தும் பாகங்களைக் கழற்றி மாற்றினார். சரியானது. இனிக் கழற்ற ஒன்றும் இல்லை என்றார். அதே சமயம் அவர்கள் கட்டடம் இடித்துக் கட்டும் மறுசீரமைப்புக்குப் போக முடிவாகி, எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று குடியிருப்போர் சொஸைட்டி நோட்டீஸ் ஒட்டியது. வாடகைக்கு எங்கே போவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தரைத்தளமாகத் தேடினார். டெர்மினலை அடிக்கடி தூக்கி இறக்க முடியாது, உள்ளே ஏற்கெனவே விரிசல் விட்ட பலகை ஒன்று இருக்கிறது என்றார். அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். தேவ்நார் பக்கம் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்திருந்தார். வீடு எப்படி என்று கேட்டேன். மின்சாரம் இறங்கி ஏறுகிறது, படம் ஆடும், சரிப்படாது என்றார். அவருக்கு நெஞ்சு வலி இருந்ததா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்தப் படம் வந்த அன்று நான் செம்பூர் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். அதன் மேல் டெர்மினல் எரிந்துகொண்டிருந்தது. புகைப்படத்தில் பார்த்த அதே வரி அப்படியே நின்றது. வந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி அதைப் படித்தார்கள். கறுப்புப் பட்டை இல்லை. கண்ணுக்கு அது தெரியாது. அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு மேசைப் பக்கம் போய்த் திரையின் பிரகாசத்தைக் குறைத்தேன். அங்கே நான் செய்த ஒரே காரியம் அதுதான். நான் திரும்பியபோது அக்கா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதின்மூன்று நாள் காரியங்களும் முடிந்தபின் கார்த்திக் என்னை மாடிப்படிக்குக் கூட்டிப்போனார். அம்மாவைப் பூனாவுக்கு அழைத்துப்போக வேண்டும். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. டெர்மினல்தான் பிரச்சினை. “அங்கிள், நான் கெட்டவன் இல்ல. அந்த டப்பா எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது. அங்க யாரு ரிப்பேர் பண்ணுவா? பப்பா இருந்தார், சல் கயா, சமாளிச்சார். போற வழியிலயே புட்டுக்கிச்சுன்னா அம்மா என்ன பண்ணுவா? இப்பவே டேப்லட் பழகட்டும். நீங்க சொன்னா கேப்பா.” அவர் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. அம்மா ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழ்தான் அவர் படித்த தமிழ். அதையும் அவர் சொன்னார், அவராகவே. பிறகு, டெர்மினலைக் கொண்டுபோவதாக இருந்தால் அந்தப் பழைய கேபிளைச் செருகி அம்மா பேசுவதைச் சேமித்து வைக்கலாமா என்று கேட்டார். அப்பா பேசினது ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை என்றார்.

இருவரும் உள்ளே போனோம். நான் அக்காவிடம் கார்த்திக் சொன்னதை அப்படியே சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். என் தொழில் அது. அக்கா எழுந்து மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அனந்து இறந்த செய்தி அத்தனை நாளும் திரையில் மங்கலாக நின்றிருந்தது. அதன் கீழே தட்டத் தொடங்கினார்.

“டேப்லட் வேண்டாம்னு சொல்லல. பழகுதேன். இது ஓடுற வரைக்கும் இதுல பேசுதேன். இது நின்னா நிக்கட்டும். அவுகளும்தான் நின்னாக.”

கார்த்திக் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார் என்று நினைக்கிறேன். பிறகு, “டீக் ஹே அம்மா, சரி” என்றார்.

அக்கா உள்ளே போய்ப் புடவை அலமாரியைத் திறந்து கேபிளை எடுத்துவந்தார். சாம்பல் நிறம், இரண்டு முனையிலும் இருபத்தைந்து முள். அதை மகனிடம் கொடுக்கவில்லை. என்னிடம் நீட்டினார். நான் ஏன் என்று கேட்டேன். உட்கார்ந்து தட்டினார். “உங்ககிட்ட இருந்தா தொலைஞ்சு போயிரும் தம்பி. அதுக்குத்தான்.”

கார்த்திக் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அன்று கேட்ட முதல் சிரிப்பு. பிறகு அக்கா நிறுத்தவில்லை. தட்டிக்கொண்டே போனார். அனந்துவைப் பற்றி, அந்தக் காலையைப் பற்றி, லிஃப்ட் மோட்டாரைப் பற்றியும். நாங்கள் இருவரும் பின்னால் நின்று படித்தோம். திரை நிறைந்தது. இறப்புச் செய்தி முதல் வரிக்கு வந்து, அங்கிருந்து மெதுவாக வழுக்கி மேலே போனது. படித்துக்கொள்ள நேரம் இருந்தது. அதைத் தொடர்ந்து மற்றவையும் போயின. அவர் அன்று சொன்னதில் கேபிளைப் பற்றியதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். மற்றது எனக்கு நினைவிருக்கிறது. எழுத மாட்டேன்.

பூனாவுக்குக் கிளம்பிய நாள், டெர்மினல் கார்த்திக்கின் காரின் முன் இருக்கையில், தலையணைகளுக்கு நடுவே, சீட் பெல்ட் போட்டுப் போனது. அக்கா பின்னால் விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். அன்று மாலை கார்த்திக்கின் எண்ணிலிருந்து போன் வந்தது. நான் ஹலோ என்றேன். பீப் என்று ஒரு முறை டெர்மினலின் மணி கேட்டது, பிறகு வைத்துவிட்டார்கள். அது எத்தனை காலம் ஓடும் என்று எனக்குத் தெரியாது. அனந்துவுக்கும் தெரிந்திருக்காது, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருப்பார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தக் கேபிள். என் மேசையின் கீழ் இழுப்பறையில் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறேன். இந்த மழைக்காலத்திலும் இரண்டு குடை போய்விட்டது. கேபிள் இருக்கிறது.